ஆறு ஈக்குவலைசரும் என் இரண்டு காதும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேநீரைக் கையில் எடுத்திருக்கிறேன், றிஸ்வானிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி.

"அண்ணன், பாட்டு கேட்டன். மியூசிக்கெல்லாம் நல்லா இரிக்கி. ஆனா ஒண்டு செல்லணும், கோவிக்காதீங்க. இந்த 'ஸ்' வாற எடமெல்லாம் காதுல ஊசி ஏத்துற மாதிரி இரிக்கி. ஒருக்காப் பாருங்களேன்."

றிஸ்வானை உங்களுக்குத் தெரியாது. ஓட்டமாவடிக்காரர், நாற்பது வயது. பதினொரு வருடம் கட்டாரில் ஏ.சி. திருத்திவிட்டு வந்து, இப்போது ஊரிலும் அதே வேலை. இஸ்லாமிய கீதங்களைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுபவர். கட்டாரில் ஏணியில் நின்றபடி வாய்க்குள்ளேயே பாடிப் பாடிச் சேர்த்த ஆறு பாட்டுகள் அவரிடம் இருந்தன. ஊருக்கு வந்ததும் அந்த ஆறையும் பதிந்து வெளியிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்கு அவர் தேடி வந்தது என்னை.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வாழைச்சேனையில் வீட்டின் பின்னறைச் சுவர்களில் எதிரொலி அடங்கப் பன்பாய் தொங்கவிட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்து, இதே பத்தியில் பலமுறை பீற்றிக்கொண்டவன். இளவயதில் இசைக்குழுவில் கீபோர்ட். பிறகு திருவிழாக்களுக்கு சவுண்ட். பத்து வருடமாகப் பாட்டுப் பதிவு. மைக்கை ஒரு சாண் நகர்த்திவைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

றிஸ்வானின் இரண்டு பாட்டுகள் ஏற்கனவே வெளிவந்துவிட்டன. இது மூன்றாவது. திறந்து கேட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை... ஊசியா? எங்கே ஊசி? எனக்குப் பாட்டு போர்வை மூடிப் படுத்திருப்பது போல மந்தமாக அல்லவா கேட்டது.

பாடகர் குத்துகிறது என்கிறார். எனக்கோ மந்தமாக இருக்கிறது. இப்படியொரு முரண்பாடு வந்தால் நியாயமான மனிதன் யாரைச் சந்தேகப்படுவான்?

நான் ஈக்குவலைசரைச் சந்தேகப்பட்டேன்.

பழைய ரேடியோவில் பாஸ், ட்ரெபிள் என்று இரண்டு திருகுகள் இருந்தன அல்லவா? ஒன்று தடித்த ஓசைக்கு, மற்றது கூரிய ஓசைக்கு. அதையே பல துண்டாக நறுக்கி, எந்தத் துண்டை வேண்டுமானாலும் கூட்டவோ குறைக்கவோ விட்டால் அதுதான் ஈக்குவலைசர். இப்போது கொம்பியூட்டருக்குள் போடும் சிறிய மென்பொருளாக வருகிறது — பிளகின் என்பார்கள். பாடகரின் மூக்கடைப்பைத் திறப்பது, தபேலாவின் உறுமலை அடக்குவது, 'ஸ்'ஸின் கூரை மழுக்குவது எல்லாம் அதன் வேலை.

என்னிடம் இருந்தது எட்டு வருடப் பழசு. அதற்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பெழுதிவிட்டுப் புதிது தேட இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பெருநாளைக்கு முதல் நாள் காத்தான்குடிச் சாரிக் கடைக்குள் நுழைந்துவிட்டேன் என்று.

ஆறு பிளகின்களை ட்ரையலுக்கு இறக்கினேன். ஒன்று பழைய இரும்பு மெஷினின் படத்தை, துரு முதற்கொண்டு வரைந்து வைத்திருந்தது. ஒன்றில் ஓசை கடல் அலை மாதிரித் திரையில் துள்ளியது; பார்த்துக்கொண்டே இருக்கலாம், கேட்க வேண்டிய அவசியமில்லை. ஒன்று தானே பாட்டைக் கேட்டுத் தானே முடிவெடுக்குமாம். ஒன்று இலவசம் — இலவசம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு வரவில்லை. மற்ற இரண்டுக்கும் பெயரைத் தவிர என்ன வித்தியாசம் என்று இன்றுவரை தெரியாது.

இணையத்தில் இதற்காக ஒரு சண்டையே நடக்கிறது. இதன் ஓசை இளஞ்சூடு என்கிறான் ஒருவன். இல்லை, கண்ணாடி என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் வந்து, எல்லாம் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறான். மூன்றாமவனை எல்லோரும் சேர்ந்து அடிக்கிறார்கள்.

எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? சோறு குழைந்தால் அரிசியில் பிழை. பிள்ளை பெயிலானால் ரீச்சரில் பிழை. பிழை நம்மிடம்தானோ என்று ஒரு கணம் யோசிப்பதற்குள் எத்தனை கடை ஏறி இறங்கிவிடுகிறோம்...

பத்து நாள் போராடி, கடல் அலை துள்ளியதைத் தெரிவுசெய்து, பழையதைக் கழற்றிய இடத்தில் போட்டேன். அதன் உச்சியில் 'காற்று' என்றொரு திருகு. பாட்டின் மேற்பகுதியைத் திறந்து மூச்சுவிட வைக்குமாம். திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் திருப்பினேன். முக்கால்வாசி போன பிறகுதான் போர்வை கொஞ்சம் விலகியது போல இருந்தது. சந்தோஷமாக றிஸ்வானுக்கு அனுப்பிவைத்தேன்.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆளே வந்துவிட்டார். ஓட்டமாவடிப் பாலம் தாண்டினால் என் வீடு, பைக்கில் பத்து நிமிடம்.

"நேர இரிந்து கேட்டுப் பாப்பம் எண்டுதான் வந்தன் அண்ணன்," என்று கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். குறை சொல்ல வந்தவர் மாதிரி இல்லை. குறை கேட்க வந்தவர் மாதிரி இருந்தார்.

பாட்டைப் போட்டேன். முதல் 'ஸலாம்' வந்ததும் அவர் தோள் சுருங்கியது. இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் அண்ணன். இந்த எடம்."

"எந்த இடம்?"

"இப்ப போச்சே."

'காற்று'த் திருகை முழுவதும் குறைத்தேன். "இப்ப?"

"இப்ப சரி. இப்ப நோகல்ல."

பாதிக்குக் கூட்டினேன். "இப்ப?"

"திரும்பக் குத்துது."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

றிஸ்வான் ஏ.சி. திருத்துகிறவர் அல்லவா, பிழை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துப் பழகியவர். தன் போனில் ஏதோ ஒன்றை இறக்கினார். தடித்த ஓசையில் தொடங்கி, வரவரக் கூராகிக்கொண்டு போகும் ஒரு விசில் சத்தம். எவ்வளவு கூர் என்பதற்கு இலக்கம் திரையில் ஓடும். அதை என் ஸ்பீக்கரில் கொழுவினார்.

ஆயிரம், கேட்டது. இரண்டாயிரம், கேட்டது. நாலாயிரத்தில் மெலிந்தது. ஐயாயிரத்தில் இருக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. ஆறாயிரத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றேன்.

"நிப்பாட்டல்ல அண்ணன். போய்க்கிட்டுத்தான் இரிக்கி."

ஸ்பீக்கருக்குள் சத்தம் வரவில்லையாக்கும் என்று வொலியூமைக் கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன். றிஸ்வான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு அறை தள்ளி, குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி, செதிள் ஒட்டிய கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்துக்கு இந்தக் கூவல்? நிப்பாட்டுங்க. மண்டைக்குள்ள போகுது."

அறை முழுவதும் சத்தம். அவர்கள் இருவரும் அதைத் தாங்க முடியாமல் நிற்கிறார்கள். நான் மட்டும் ஒரு சத்தமுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

றிஸ்வான்தான் எட்டி அதை நிறுத்தினார். சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னவரும் அவர்தான். அவள் என்னையே பார்த்தாள்.

"நான் கூப்பிடக்குள்ள நீங்க வேணுமெண்டு கேக்காத மாதிரி இரிக்கிறீங்க எண்டுதானே நினைச்சன். ரெண்டு வருசமா உங்களோட அதுக்குத்தானே சண்டை பிடிச்சன்."

மீன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அடுத்த கிழமை மட்டக்களப்பு டவுனுக்குக் காது சோதிக்கப் போய், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமத்தினேன். அமத்தியதைவிட அமத்தாமல் காத்திருந்த நேரமே அதிகம். வெளியே வந்ததும் டொக்டர் — என் மகள் வயது இருக்கும் — கேட்டார்.

"ஐயா என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்தார்.

"கிட்ட இருந்து பெரிய வெடிச்சத்தம் ஏதும் கேட்டிருக்கீங்களா?"

இந்த மாவட்டத்தில், என் வயதுக்காரனிடம், இந்தக் கேள்வியா? "எத்தின எண்டு எண்ணல்ல டொக்டர்," என்றேன். முப்பது வருடம் ஆளுயர ஸ்பீக்கர்களின் பக்கத்தில் நின்றதையும் சொன்னேன். எது எவ்வளவு தின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

"இது திரும்பி வராது ஐயா. இருக்கிறதக் காப்பாத்தலாம். ஆக்கள் கதைக்கிறது விளங்க மெஷின் போடலாம்."

"பாட்டு மிக்ஸ் பண்ண?"

அவர் சோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார். இடப்பக்கம் மட்டமாக வந்த கோடு, பாதி தாண்டியதும் கீழே விழுந்து கிடந்தது. எனக்குப் பழக்கமான படம்தான். ஈக்குவலைசரில் உச்சி ஓசைகளை வெட்டியெறிந்தால் திரையில் இப்படித்தான் வரும். எத்தனையோ தடவை நானே அந்தக் கோட்டை இழுத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் ஒரு கிளிக்கில் பழையபடி ஆக்கிவிடுவேன்.

அன்று பின்னேரமே ஓட்டமாவடிக்குப் போய் றிஸ்வானிடம் சொன்னேன். எனக்குக் கேட்காததால்தான் கூர் ஓசைகளை அளவுக்கு மிஞ்சிக் கூட்டியிருக்கிறேன், முதல் இரண்டு பாட்டிலும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டார்.

"அப்ப அது என்ட கொரல் இல்லையா அண்ணன்?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரே சொன்னார். வெளிவந்த இரண்டு பாட்டுகளின் கீழும் ஆட்கள் எழுதியிருந்தார்களாம். குரல் கீச்சிடுகிறது, காது கூசுகிறது, முழுக்கக் கேட்க முடியவில்லை என்று. என்னிடம் அதை அவர் சொல்லவேயில்லை.

"நீங்க இவ்வளவு காலமா இதுலயே கெடக்கிற ஆள். மிக்ஸ்ல உங்களுக்கு வெளங்காத பிழை ஒண்டு வேற ஆக்களுக்கு வெளங்குமா? என்ட தொண்டையிலதான் பிழை எண்டு நெனச்சன். கட்டார்த் தூசி எண்டு நெனச்சன். பள்ளிவாசல்ல பாடச் சொல்லிக் கேட்டாங்க, ஏலா எண்டுட்டன். மகள்ட ஸ்கூல்ல கேட்டாங்க, அதுக்கும் ஏலா எண்டுட்டன்."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம் இரிக்கும்."

கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

மூன்று பாட்டுகளின், ஈக்குவலைசர் படாத மூலப்பதிவுகளையும் ஏறாவூரில் இருக்கும் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மிக்ஸ் பண்ணுவதில்லை, தகரம் தட்டுகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள். பத்து நாளில் மூன்றாவது பாட்டு வந்தது. என் ஸ்பீக்கரில் போட்டேன். எனக்கு அதே போர்வை. சாந்தியைக் கூப்பிட்டேன். நின்றபடியே கடைசிவரை கேட்டாள்.

"றிஸ்வானுக்கு இவ்வளவு நல்ல குரலா?" என்றாள். "நான் இவ்வளவு நாளும் அவர் கத்துறார் எண்டுதான் நினைச்சன்."

அவர் குரல் நல்ல குரல் என்பது எனக்கு இப்போது இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

ஸ்டூடியோவை மூடிவிட்டேன். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் என் கையால் பாட்டுச் செய்துகொண்டு போனவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொல்கிறேன். சிலர் சிரித்தார்கள். சிலர், நாங்களும் நினைத்தோம், கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார்கள். மூலப்பதிவு இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பனிச்சங்கேணிக்குப் போன் எடுத்தேன். தருமலிங்கம் ஐயா வீடு. ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தங்கள் ஊர்ப் பிள்ளையார் மேல் தானே கட்டிய நாலு பாட்டை என்னிடம் வந்து பாடிவிட்டுப் போனவர். மெத்தென்ற குரல். போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய மூலப்பதிவு என்னிடம் இல்லை. பழுதாகிப்போன ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு அது போய்விட்டது. சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

மகள் ஜெயந்தி பேசினார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் அண்ணன், முதல்ல கேக்கக்குள்ள ஒரு மாதிரித்தான் இரிந்திச்சி. பிறகு பழகிட்டு. இப்ப அப்பாட குரல் எண்டா எங்களுக்கு அதுதான். வெள்ளிக்கிழமையில போடுவம். சின்னவளும் அம்மப்பா மாதிரி எண்டு 'ஸ்ஸ்' எண்டு இழுத்துத்தான் பாடுவாள்."

அவர் குரல் அப்படி இல்லை பிள்ளை, என்று வாய்வரை வந்துவிட்டது.

கொடுக்க வேறொரு குரல் கையில் இல்லாதவன், இருப்பதையும் எப்படிப் பறிப்பது?