இரண்டு விரல் தூரம்

எஃப்ராயிமைப் புதைத்து ஆறு நாள் ஆகிவிட்டது. அவரைக் கொன்ற காட்டெருமை நாணல் காட்டுக்குள் இன்னும் உயிரோடு இருந்தது. அவர் சுட்ட ஒரே குண்டு அதன் தோளில் பட்டிருந்தது. காயத்தோடு அது தண்ணீர்த்துறையை விட்டு நகரவில்லை. ஊர்ப் பெண்கள் அங்குவா ஆற்றுக்கு இறங்காமல், பக்கத்து ஊர் அடிபம்புக்கு இரண்டு மணி நேரம் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு மாவட்ட மன்றத்தின் வனவிலங்கு அதிகாரி மடோண்டோ வந்தார். எஃப்ராயிம் சுட்ட அதே துப்பாக்கியைக் கொண்டுவந்து லாங்டனிடம் நீட்டினார். லாங்டன்தான் எஃப்ராயிமுக்கு விலங்குத் தடம் பார்த்துச் சொல்பவர், பதினான்கு வருடக் கூட்டாளி, அவர் செத்த அன்றும் கூட இருந்தவர்.

"பத்து மணிக்குக் காத்து திரும்பிடும். அதுக்குள்ள முடிச்சிடு" என்றார் மடோண்டோ.

எஃப்ராயிமின் மகள் முச்சனேத்தா வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குரோமியச் சுரங்கம் ஒன்றின் பட்டறையில் ஃபிட்டர். மூன்று வாரம் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். சாவு வீட்டில் அவள் அழவில்லை என்று அத்தைமார்களுக்கு வருத்தம்.

அப்பா செத்ததற்கு ஊரில் இரண்டு காரணம் சொன்னார்கள். எஃப்ராயிம் எருமைக் குலம். எருமை இறைச்சியை வாயில் வைக்காதவர், எருமையைச் சுடப் போனால் குலம் சும்மா விடுமா என்பது ஊரின் பேச்சு. மன்றத்தின் அறிக்கை வேறு. சுட்ட தோட்டாவின் உறை துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே இருந்தது, மேகஸினில் மூன்று தோட்டா அப்படியே இருந்தன, எனவே காவலர் அச்சத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுக்கவே இல்லை.

இருபத்திரண்டு வருடம் மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் இருந்த மனிதரைப் பற்றி எழுதிய வரி அது. முதலில் தகரத்தைத் தட்டுவார், பிறகு மிளகாய்ப் புகை போடுவார், அதற்கும் அசையாவிட்டால்தான் துப்பாக்கி. யானையை விரட்டப் போகும்போதுகூட காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வார். "அது என்னைப் பாக்கும்ல" என்பார்.

புதுத் துப்பாக்கி வந்த அன்று அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். அவர் அதைவிடச் சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"நாலரை கிலோம்மா. கையில வெச்சா கனம், தோள்ல வெச்சா தெரியல. அதுவா குறியைத் தேடிப் போகுது. தோட்டா என் நடுவிரலை விட நீளம், கட்டைவிரல் தடிமன். பழகறதுக்குன்னு ஒண்ணே ஒண்ணு குடுத்தாங்க. சுட்டேன். கழுதை உதைச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது குடுத்திருந்தாலும் வேணாம்னிருப்பேன்."

"போல்ட் எப்படிப்பா, இறுக்கமா?"

"வெண்ணெய். ஆனா கடைசியில மூக்கைக் கடிக்க வருது. பழசு இவ்வளவு தூரம் வராது."

"மூக்கைச் சின்னதாக்கிக்குங்க" என்று சொல்லி அவளும் சிரித்தாள். அதற்கு மூன்றாம் நாள் அவர் செத்தார்.

இப்போது லாங்டன் துப்பாக்கியோடு ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"சித்தப்பா, நில்லுங்க" என்றாள் முச்சனேத்தா. மடோண்டோவிடம் கை நீட்டினாள். "குழாய்க்குள்ள இருந்த உறையைக் குடுங்க."

மடோண்டோ சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அவள் பித்தளை உறையின் அடிப்பாகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். துப்பாக்கியின் சுடும் ஊசி குத்திய பள்ளம் நடுவில் இருந்தது. அதை ஒட்டி இன்னொரு பள்ளம், ஒரு மயிரிழை தள்ளி.

"ரெண்டு தடவை குத்தியிருக்கு. போல்ட்டைத் தொடாம ஊசி எப்படி ரெண்டாவது தடவை குத்தும்?"

மடோண்டோ உறையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சரி, தொட்டார்னே வெச்சுக்குங்க. இழுத்திருந்தா உறை வெளிய விழுந்திருக்கணும். அடுத்தது உள்ள போயிருக்கணும். ஏன் போகல?"

துப்பாக்கியில் கோளாறு என்றால் லாங்டன் கையில் இருப்பதும் அதே துப்பாக்கிதான். வாங்கிப் பார்த்தாள். குழாய் காலி என்று விரல் விட்டு உறுதி செய்துகொண்டாள். போல்ட்டை இழுத்தாள், தள்ளினாள், விசையை அமுக்கினாள். பத்து தடவை. உறையை இழுக்கும் கொக்கி சரி, ஸ்பிரிங் சரி. கோளாறு எதுவும் இல்லை.

"சித்தப்பா, சாவு வீட்டுல அப்பா மாதிரி நடிச்சீங்களே. கடைசியை மட்டும் ஏன் நடிக்கல?"

லாங்டன் எஃப்ராயிமுக்கு சாவிரா. செத்தவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனைப் போல நடந்து, அவனைத் திட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் உரிமையுள்ள நண்பன். அன்று எஃப்ராயிமின் காக்கிக் கோட்டோடு வளைந்த காலால் நடந்து காட்டியபோது அத்தைமார்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். அந்தக் கோட்டு இன்னும் அவர் மேல்தான் இருந்தது.

"அதை எவன் நடிப்பான்?" என்றார் லாங்டன். "போடி. ஆத்துல வேலை கெடக்கு."

"எனக்காக ஒரு தடவை."

"உங்கப்பன் செத்தும் என்னை விடமாட்டேங்கறான். இருக்கும்போது புகையிலை கடன் கேட்டான், இப்ப மகளை அனுப்பறான்." சொல்லிக்கொண்டே துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்தார். முகம் மாறியது. அது எஃப்ராயிமின் முகம். "டம்னு சுட்டான். எருமை மண்டி போட்டுச்சு, எந்திரிச்சுச்சு. வந்துச்சு. துப்பாக்கியைக் கன்னத்துலேர்ந்து எடுக்காமலே போல்ட்டை இழுத்தான், தள்ளினான், அமுக்கினான். டிக். அவ்வளவுதான். டிக்குன்னு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சொன்னேன், கூட்டாளிக்காகப் பேசறேன்னுட்டாங்க."

"மறுபடியும். அதே வேகத்துல."

அவர் செய்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கை பின்னால் வந்து, ஓர் இடத்தில் நின்று, முன்னே போனது.

"இழுத்த இடத்துலயே நிறுத்துங்க!"

நிறுத்தினார். அவள் போல்ட்டைத் தொட்டுப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். இன்னும் போனது. இரண்டு விரல் அகலம் போய், கடைசியில் இரும்பு இரும்பை இடித்தது.

பழைய துப்பாக்கியின் தோட்டா சின்னது. அதன் போல்ட் அந்த இடத்தோடு நின்றுவிடும். இருபத்திரண்டு வருடம் கை அந்த இடத்தைத்தான் முடிவு என்று நம்பியிருக்கிறது. புதிதில் அந்த இரண்டு விரலையும் இழுத்தால்தான் உறை தெறிக்கும், அடுத்த தோட்டா மேலே வரும். பாதியில் தள்ளினால் சுட்ட உறையே திரும்ப உள்ளே போகும்.

மூக்கைக் கடிக்க வருது என்று சொல்லியிருந்தார். பட்டறையில் தினமும் அளவு பார்க்கிறவள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

லாங்டன் தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தார். "என்னையும் அவன்தானே பழக்கினான்" என்றார் மெதுவாக.

"இடிக்கிற வரைக்கும் இழுங்க. இடிக்கிற சத்தம் கேக்கணும். கேக்காம தள்ளக்கூடாது."

இழுத்தார். டக். மறுபடி, டக். நிதானமாகச் செய்தால் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவள் அவர் பின்னால் போய் நின்று, திடீரென்று ஒரு தகரத்தைத் தரையில் அடித்துக் கத்தினாள். கை பாதியில் நின்று முன்னே போய்விட்டது.

"செத்தீங்க" என்றாள்.

"வாயைப் பாரு, அப்படியே அவன் வாய்."

மறுபடி அடித்தாள். மறுபடி. மடோண்டோ கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பிறகு அவரும் வந்து கத்த ஆரம்பித்தார். குடங்களோடு நின்ற பெண்களும் கத்தினார்கள். லாங்டனின் கோட்டு முதுகில் வியர்வை படர்ந்தது. கடைசிப் பத்தில் ஒன்பது சரி. ஏழாவது தவறிவிட்டது.

"இன்னும் பத்து" என்றாள்.

"காத்து திரும்பிடும். என் வாடை அதுக்குப் போச்சுன்னா பத்து என்ன, நூறு பழகியும் பிரயோஜனமில்ல." நான்கு தோட்டாக்களை உள்ளே அழுத்தினார். "நான் சிங்கக் குலம். எருமை எனக்குச் சாப்பாடு. பயப்படாத."

யாரும் சிரிக்கவில்லை.

நாணல் அவரை மூடிக்கொண்டது. நுனிகள் அசைந்தன, அசைவு வலப்பக்கம் போனது, நின்றது. ஒரு கொக்கு எழுந்து பறந்தது. முச்சனேத்தா பத்தில் ஒன்று என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் பத்துக்கு ஒன்று பழுதாகும் எதையும் அவள் வெளியே அனுப்பியதில்லை.

முதல் வெடி கேட்டது. நாணல் முறியும் சத்தம் வந்தது, கனமாக, வேகமாக. அவளுடைய வலது கை தானாகக் கன்னத்துக்கு வந்து பின்னால் இழுத்தது, இன்னும் பின்னால்.

இரண்டாவது வெடி.

முறியும் சத்தம் நின்றது. வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு மூன்றாவது, நிதானமாக. செத்ததை உறுதி செய்யும் வெடி. பெண்கள் குலவையிட்டார்கள்.

லாங்டன் வெளியே வந்தபோது துப்பாக்கியைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கையாலும் ஏந்தியிருந்தார். அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பாதியில நின்னுச்சுடி" என்றார். "கை. பதினஞ்சு அடியில அது வருது, கை பழைய எடத்துல நின்னுருச்சு. சத்தம் வரலையேன்னு தோணுச்சு. மிச்சத்தை இழுத்தேன்." உதடு கோணியது. "அவனுக்கு இதைச் சொல்ல ஆளில்ல."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தோள் அழுகையில் குலுங்கியது. அத்தைமார்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். அழுகை ஓய்ந்த பிறகு மடோண்டோ கிட்டே வந்தார். கையில் பேனா இருந்தது.

"அறிக்கையை மாத்திடறேன்மா. அச்சம்ங்கிற வார்த்தையை எடுத்துடறேன்."

முச்சனேத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். பயந்திருப்பார். போல்ட்டை இழுத்தார்னு எழுதுங்க."