கொம்புக்காரனும் படுகளத்து மாமாவும்

தம்பி மகள் என் கையில் அந்தக் கன்ட்ரோலரைக் கொடுத்தபோது அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. டிவியில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ஜப்பான் கார்ட்டூன் ஒன்றில் வருகிறவர்களாம். அந்தக் கார்ட்டூனை வைத்துச் செய்த சண்டை விளையாட்டு இது. ஒரு பையனுக்கு முடி முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. ஒரு பெண் தன்னைவிடப் பெரிய கத்தியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒருத்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். கருப்பு அங்கி, நெற்றியில் ஒற்றைக் கொம்பு.

"யாரு வேணும் அத்தே?" என்றாள்.

நான் கொம்புக்காரனைக் காட்டினேன்.

"அய்யே, அவன் வில்லன். கதைப்படி தோத்துப்போறவன். வேற யாரயாவது எடுங்க."

"பரவால்ல, அவனே இருக்கட்டும்."

இந்த மாதிரி விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று தமிழில் பேசி வீடியோ போடுவது அவளுடைய வேலை. ஆரணியில் பட்டுக்கு விலை சொல்கிறவர்கள் உண்டு, அரிசிக்கு விலை சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒருத்தி சண்டைக்கு விலை சொல்கிறாள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது வருமா வராதா என்று பார்க்க, ஒரு விளையாட்டையும் தொடாத கை ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டில் அப்படி இருந்தது என் கைதான். கரண்ட் கணக்கெடுக்க ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். முகம் வராது, குரல் மட்டும்தான் என்று சத்தியம் செய்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

"அது இன்னாத்துக்கு அத்தே அவனப் போய் எடுத்தீங்க?" என்று மறுபடியும் கேட்டாள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அது. யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். வாத்தியார் என்னை ஊமை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். அப்பா அம்மாவைத் தவிர நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி. வெம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, அப்பாவோடு தறி நெய்தார். வெயில் காலம் வந்தால் கூத்துக்குப் போய்விடுவார். அவருக்கு எப்போதும் ராஜா வேஷம்தான். கெட்ட ராஜா. அந்த ராஜாவின் பெயரை அம்மா வீட்டுக்குள் சொல்ல விடமாட்டாள். நானும் இங்கே சொல்லவில்லை.

தறியில் உட்கார்ந்துகொண்டே மாமா வசனம் பாடம் பண்ணுவார். சாந்தமான இடத்தில் தறி மெதுவாகப் போகும். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டால் இழைக்கு நடுவே ஓடும் நாடா பறக்கும். "டேய், இழ அறுந்துடப் போவுது, மெல்லக் கோவப்படுடா" என்று அப்பா பக்கத்துத் தறியிலிருந்து கெஞ்சுவார்.

அந்த வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவிலேயே மாமாவுக்கு ஆட்டம். கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு அவர் சுற்றிச் சுற்றி வந்தால் கண்ணாடித் துண்டெல்லாம் பளபளக்கும். உலகத்திலேயே பெரிய ராஜா என் மாமாதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் கெட்டவர் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசி நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "ஆடாம நில்லுடி. இன்னிக்குத்தான் மாமாவச் சாவடிக்கறது. லேட்டாப் போனா இடம் கெடைக்காது."

நான் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மாவோ பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். அடுப்பில் மாமாவுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம் எல்லாம் தயாராக இருந்தன. நான் வடைக்குக் கை நீட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "அது மாமாவுக்கு. செத்த அப்புறம் வந்து சாப்புடுவான்."

எங்கள் தாத்தாவுக்கு வருஷா வருஷம் இலை போட்டுப் படைப்பதை நான் பார்த்திருந்தேன். தாத்தாவும் செத்த அப்புறம்தான் வந்து சாப்பிடுவார். அவருக்கு வைத்த வடையையும் நாங்கள் முதலில் தொடக்கூடாது. ஆக, எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

கோயில் மைதானத்தில் ராஜாவை மண்ணால் மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டைவிட நீளம். மீசை மட்டுமே என் அளவுக்கு இருந்தது. மாமா அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். கதாயுதம் தூக்கிய வேஷக்காரர் துரத்துவார். கடைசியில் மண் தொடையில் ஓங்கி ஒரு அடி. உள்ளே புதைத்து வைத்த சட்டி உடைந்து செந்தண்ணீர் பொங்கும். மாமா விழுந்துவிடுவார். தலைவிரி கோலமாக நிற்கும் ராணி அதற்குப் பிறகு முடியை முடிந்துகொள்வாள். இதுதான் படுகளம். இதற்காகத்தான் ஊரே கூடியிருந்தது. சட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. தொடையில்தான் அடி விழும் என்பது மட்டும் பக்கத்தில் பேசிக்கொண்டதில் தெரிந்தது.

மேளம் வேகமெடுத்தது. மாமா ஓடினார். கதாயுதம் மேலே போனது. நான் அம்மா கையை உதறிவிட்டு ஓடிப்போய், மண் தொடையின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

மேளம் நின்றுவிட்டது.

"யார் வூட்டுப் பொண்ணுடா இது?"

"ஏ பாப்பா, எயுந்து வா! நல்ல நேரம் போவுது!"

"பட்டுப்பாவாட பாழாப் போச்சே!" இது அம்மாவின் குரல்.

கதாயுதக்காரர் தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் நின்றார். ராணி வேஷம் கட்டிய, மீசையை மழித்த ஆம்பிளை, "யம்மா, எனக்கு எப்பதான் முடி போடறது? காத்துல வாயெல்லாம் முடியா வருது" என்றார். கூட்டம் சிரித்தது. நான் மண்ணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாமா மட்டும் ராஜாவாகவே இருந்தார். காலைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி, "யாரடி நீ! எமது தொடைமீது எமது அனுமதியின்றிப் பள்ளிகொண்டவள்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் குனிந்து என் காதோடு பேசினார்.

"கண்ணு, ஜல்தி எயுந்திரும்மா. நேத்துலேர்ந்து வெறும் வயிறு. இவன் அடிச்சாத்தான் மாமாவுக்குச் சோறு."

"அடிச்சா நீ செத்துப்போயிடுவியே!" அவ்வளவு பேர் நடுவில் நான் கத்தினேன். என் குரல் எப்படி இருக்கும் என்று ஊர் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "ஆமா, செத்துப்போயிடுவேன். ஆனா நாளன்னிக்கு சேத்துப்பட்டுல எனக்குக் கூத்து இருக்குதே. வெத்தல பாக்கு கைநீட்டி வாங்கிட்டேன். வாங்கினவன் போவாம இருக்கலாமா, சொல்லு?"

இது எனக்குப் புரிந்தது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டால் மாற்றவே முடியாது என்பதை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வெற்றிலை பாக்கு வாங்கிய மனுஷன் எப்படிச் சாக முடியும்? நான் இறங்கி வந்துவிட்டேன். அடி விழுந்தது, செந்தண்ணீர் பொங்கியது, மாமா மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். அழுகிற பெண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு துணிமறைப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மாமாவின் தலை கதாயுதக்காரரின் மடியில் இருந்தது. அவர் மாமாவுக்கு நீர்மோர் புகட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா விழுந்தனாடா?" என்று மாமா கேட்டார்.

"நீ விழுந்ததாலதான் மச்சான் நான் அடிச்சா மாதிரியே இருந்தது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மாமா வடை சாப்பிட்டார். எனக்கும் ஒன்று பிட்டுக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் கேள்வி ஒன்றுதான் சரியாகவில்லை. விழுவதில் என்ன நல்லது, கெட்டது? அதைப் போய் அடித்தவனிடமே கேட்பார்களா?

"சூப்பர் அத்தே, இதயே வீடியோவுல சொல்லலாம்" என்று தம்பி மகள் சிரித்துவிட்டு விளையாட்டை ஆரம்பித்தாள்.

முதலில் கதையாக வரும் ஆட்டம். எனக்குக் கைவந்தது ஒரே வித்தைதான்: எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்குவது. ஆனாலும் கொம்புக்காரன் எனக்காக நன்றாகவே சண்டை போட்டான். ஒவ்வொருத்தரும் அடிப்பதற்கு முன்னால் தன் அடியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். எங்கள் கூத்திலும் ராஜா தன் பெருமையைப் பாடாமல் வாளை எடுக்க மாட்டார். அதனால் எனக்கு அது ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. வெளிச்சம்தான் அதிகம், கண் கூசுகிறது. கடைசியில் முள்ளம்பன்றி முடிக்காரனின் பலத்தைக் காட்டும் கோடு தீர்ந்துபோனது. நான் ஜெயித்துவிட்டேன்!

உடனே படம் மாதிரி ஒன்று ஓடியது. அதில் பார்த்தால் முடிக்காரன் நிமிர்ந்து நிற்கிறான், என் கொம்புக்காரன் தரையில் கிடக்கிறான்.

"ஏய்! நான்தானே ஜெயிச்சேன்! யாரு இவனத் தள்ளிவுட்டது?"

"கார்ட்டூன்ல அப்டித்தான் அத்தே. நீங்க ஜெயிச்சாலும் கத அவனத் தள்ளிடும்."

"அப்ப எதுக்கு என்னைக் கூப்ட்டு பொத்தான அமுக்கச் சொன்னான்? முன்னயே சொல்லியிருந்தா நான் தொடமேலயே படுத்துக்கினு இருப்பேனே!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய விமர்சனத்தில் இந்த விளையாட்டின் பெரிய குறையாக வந்தது அதுதான், என் குரலிலேயே.

"சரி, கதையே இல்லாத ஆட்டம் ஒண்ணு இருக்குது. நீங்களும் நானும் மட்டும். அதுல யார் வேணா ஜெயிக்கலாம்" என்றாள். அவள் முடிக்காரனை எடுத்தாள். நான் கொம்புக்காரனை விடவில்லை. முதல் ஆட்டத்தில் மயிரிழையில் ஜெயித்தேன். அடுத்ததில் இன்னும் நன்றாக. "அய்யோ அத்தே, பேஜார் பண்றீங்களே!" என்று அவள் அலறினாள். முடிக்காரன் பல்டி அடித்துப்போய் விழுந்தான். கொம்புக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், நிமிர்ந்து, கிரீடம் வைத்த மாதிரி. நான் எழுந்து நின்று கை தட்டினேன். கதவு திறந்திருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

வீடியோ வந்ததும் அத்தையை மறுபடி கூட்டி வா என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை படித்துக்காட்டச் சொல்லவும் தோன்றியது. ஒரு குறைதான்: நான் அவளை ஜெயித்த ஆட்டம் அதில் இல்லை.

"அத ஏன் போடல?"

"அது விமர்சனத்துக்கு இல்ல அத்தே. அது நம்ம வூட்டு ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து, காபி கொடுக்க அவள் அறைக்குப் போனேன். எங்கேயோ இருக்கிற ஒருத்தரோடு அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். என்னிடம் இரண்டு தடவை தோற்ற அதே முடிக்காரன். அவள் விரல் போன வேகத்தில் அப்பாவும் மாமாவும் சேர்ந்து தறி ஓட்டுகிற மாதிரி இருந்தது. எதிரில் நின்றவனால் அந்த முடியைத் தொடக்கூட முடியவில்லை. காபி ஆறும்வரை வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். மண் தொடைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு ராஜாவைக் காப்பாற்றப் பார்த்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு, துணிமறைப்புக்குப் பின்னால் கேட்ட கேள்வி விளங்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை. எனக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறதே.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னா அத்தே, அங்கியே நின்னுகினு?"

"ஒண்ணுமில்ல" என்று டம்ளரை நீட்டினேன். "நீ நல்லா விழறடி."