யாரும் துவைக்காத சலவைத்துறை

1. மூன்று கேள்விகள்

சென்னையில் பட்டம் பெற்று எங்கள் கரும்புத் தீவுக்குத் திரும்பி, அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், சர்க்கரை விலை விழுந்து, எதை நிறுத்தலாம் என்று அரசு தேடிக்கொண்டிருந்த காலம். ரசீதும் கூட்டலும் சரியாக இருந்தால் போதாது, செலவால் மக்களுக்குப் பலன் உண்டா என்று நேரில் பார்த்துவர வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட புதிய வேலை. ஊருக்கு உழைக்கும் ஆசை மிகுந்திருந்த எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

என் மேலதிகாரி, பெரிய கிளார்க் மாணிக்கம், அந்த வேலையை மூன்று கேள்விகளாகச் சுருக்கி வைத்திருந்தார்.

“கட்டினது இருக்கா? வேலை செய்யுதா? எதுக்குக் கட்டினோமோ அதுக்கு ஜனங்க உபயோகிக்கிறாங்களா? மூணாவதுக்கு ‘இல்லை’ன்னா மூடச் சொல்லி எழுதிடு தம்பி. சாயங்கால ரயிலைப் பிடிச்சு வக்குவா ஊருக்கு வந்து சேர். அங்க உக்காந்து மகாபாரதம் எழுதாதே.”

2. செருப்பு

சூயாக் வரை ரயில். பிறகு செமின் கிரனியே வழியாகக் கரும்புக்கு நடுவே மாட்டு வண்டி. நான் போன கிராமத்தில், பெண்கள் துணி துவைப்பதற்கென்று அரசு ஒரு சலவைத்துறை கட்டி, மலையிலிருந்து குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்திருந்தது. கருங்கல் தொட்டி, எட்டுத் துவைகல், மேலே தகரக் கூரை. வாசலில் ஒரு பலகை: தண்ணீர் சலவைக்கு மட்டுமே, வீட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றம்.

உள்ளே காலெடுத்து வைத்தேன்.

“மிஸ்யே! செருப்பு!”

எங்கள் தீவின் பிரெஞ்சு வழக்கில் ‘ஐயா’ என்று என்னை அழைத்தபடி காவலர் வீராசாமி ஓடி வந்தார். நெற்றி நிறைய விபூதி. நான் செருப்பைக் கழற்றினேன். தொட்டி கண்ணாடிபோல் இருந்தது. துவைகற்களில் உளி பட்ட தடம்கூட மழுங்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டிருந்தது.

“இங்கே எத்தனை பேர் துவைக்கிறார்கள்?”

“துவைக்கிறதா?” அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “திறந்த அன்னிக்குக் கும்பம் வெச்சு, ஐயரு பூஜை பண்ணின இடம் மிஸ்யே. இங்க அழுக்குத் துணியா? எட்டு வருஷமா ஒரு சொட்டு சவுக்காரம் பட்டதில்ல. வெள்ளிக்கிழமை தவறாம கற்பூரம். நல்லா எழுதிக்குங்க!”

எழுதிக்கொண்டேன். அரசுச் சொத்தை இவ்வளவு பக்தியோடு காத்தவரை நான் கண்டதில்லை. அந்தப் பக்தியின் ஒவ்வொரு வரியும் ‘மூடலாம்’ என்ற முடிவை நோக்கியே போய்க்கொண்டிருந்தது.

3. சலவை

தாகமாக இருந்தது. எதிர்வீட்டு லெச்சுமி அம்மாள் செம்பில் தண்ணீர் கொடுத்தார். இரண்டு ஆர்ப்பான், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலத்தில் கரும்பு போடும் குடும்பம்.

“இந்தத் தண்ணீர் எங்கிருந்து?”

“ஆத்துல இருந்துதான் மிஸ்யே.”

முந்தின நாள் பெய்த மழையில் ஆறு செம்மண்ணாக ஓடியதை நான் வண்டியிலிருந்தே பார்த்திருந்தேன். செம்பின் அடியோ தெளிவாகத் தெரிந்தது.

“குழாய்த் தண்ணீர் எடுப்பதே இல்லையா?”

“ஜாமே! ஒரு நாளும் இல்ல!” என்றார் அவர். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்க்காரர்களும் “ஜாமே, ஜாமே” என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். ஒரு நாளும் அந்தக் குழாயைத் தொட்டதில்லையாம்.

விளைவைச் சொல்லிவிடுவதே நேர்மை என்று எனக்குத் தோன்றியது. “யாருக்கும் பயன்படவில்லை என்றால் குழாயை மூடிவிடுவார்கள்.”

உடனே ஊரே துணி தேடி ஓடியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளையும் புதுச் சேலைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வீராசாமி வாசலை மறித்தார்.

“பூஜை பண்ணின இடம்டீ!”

“விலகுங்க மாமா! இல்லேன்னா கட்டியிருக்கிற வேட்டியை அவுத்துக் குடுங்க, அதைத்தான் முதல்ல துவைக்கணும்!” என்றார் லெச்சுமி அம்மாள்.

வீராசாமி வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு விலகினார். எட்டுக் கல்லிலும் சுத்தமான துணிகள் படார் படார் என்று விழுந்தன. சவுக்காரம் கொண்டுவர எவருக்கும் தோன்றவில்லை.

இதை நான் சான்றாக எழுத முடியாது என்று சொன்னேன். லெச்சுமி அம்மாள் ஈரச் சேலையைக் கீழே போட்டார்.

“சரி, எழுதுங்க. திருடினோம். விடியல்ல மாமா பின்பக்கக் குழாயைத் திறப்பாரு, எல்லா வீட்டுக்கும் குடம் போகும். ஆத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் என் மூத்த பொண்ணு வயித்துப்போக்குல போனா. குழாய் வந்தப்புறம் பொறந்த ரெண்டும் இதோ நிக்குது. ஜெயில்ல போடுங்க. குழாயை மூடாதீங்க.”

என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார்கள். அங்கே குழாயடிக் கல் குடம் வைத்து வைத்துக் குழிந்திருந்தது. ஒவ்வொரு சமையற்கட்டிலிருந்தும் ஓர் ஒற்றையடிப் பாதை அதில் வந்து முடிந்தது. முன்வாசல் வழியாகவே வந்துபோயிருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

4. வாக்குமூலம்

குழாய் பயன்படுகிறது என்பதற்கு இதுவே சான்று என்று நான் வாக்குமூலம் எழுத, வீட்டுக்கு ஒருவராக வரிசையில் நின்று, திருடியதாகக் கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் ஒரு கிழவர் வந்தார்.

“எங்க வீட்டுல கிணறு இருக்கு. இருந்தாலும் நானும் திருடினேன்னு போட்டுக்குங்க.”

“நீங்கள் எடுக்கவில்லையே, ஐயா?”

“ஊரே கைநாட்டு வெச்சிருக்கு. நான் மட்டும் யோக்கியன்னு எப்படித் தெருவுல நடக்கறது?”

சாயங்கால ரயில் போய்விட்டது. மறுநாள் மாணிக்கம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“பலன் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னா, ஊரையே குற்றவாளியாக்கிக் கொண்டாந்திருக்கே!”

“பலன் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, சார்?”

அவர் நெடுநேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு தம் கையாலேயே எழுதினார்: சலவைத்துறை என்ற வகையில் பலன் ஏதுமில்லை; குடிநீர் என்ற வகையில் குழாய் நீடிக்க வேண்டும்; பலகையை மாற்றுக. சில மாதங்களில் உத்தரவு வந்தது. குற்றம் என்ற வரி அழிந்தது, குழாய் மூடப்படவில்லை.

இளம் தணிக்கையாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ‘இதை உபயோகிக்கிறீர்களா?’ என்று கேட்டால், எது சரியான பதில் என்று ஜனங்கள் நினைக்கிறார்களோ அதுதான் கிடைக்கும். ‘நாளைக்கு இது இல்லாமற்போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள்.

எனக்கு அது தாமதமாகவே தெரிந்தது. அந்த ஓராண்டில் வேறு மூன்று ஊர்களில் ‘பயனில்லை, மூடலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, சாயங்கால ரயிலைத் தவறாமல் பிடித்திருக்கிறேன். அந்த உத்தரவு வந்த அன்றே மாணிக்கத்திடம் போய், அந்த மூன்று கோப்புகளையும் திரும்பக் கேட்டேன்.