உடையப்பன் அளந்த மேசை

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. உடையப்பன் அங்கே பால்வெட்டுகிறவன், தச்சு வேலையும் தெரிந்தவன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் போல நானும் மேசையில் சாப்பிட வேண்டும் என்று 1926இல் எனக்கொரு ஆசை வந்தது. அவனைக் கூப்பிட்டேன்.

ரப்பர் அனுப்பும் பெட்டிப் பலகையே போதும் என்றேன்.

"அது வேணாங்கய்யா. குழம்பு சிந்துனா ஊறிப்போயிரும். மெர்பாவ் மரம் போடுவோம், கெட்டி மரம், தொடச்சா போயிரும் லா."

எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சோறு பிசைவதுபோல் முழங்கையை விரித்துக் காட்டினான்.

"தொரை கரண்டியில திங்கிறாரு, ஒன்றரை அடி போதும். நாம கையால பெசையிறோம். ஆளுக்கு ரெண்டடி வேணும்."

நாலு பக்கமும் அப்படியே உட்கார்ந்து பார்த்துத்தான் பலகையை அறுத்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மேசை தயாரானது. என் மனைவி அகதா அதில் எனக்கொரு தட்டும் அவனுக்கொரு இலையும் வைத்துக் கோழிக்குழம்பு ஊற்றினாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் 'உட்கார்' என்று சொல்லவில்லை. இலையைச் சோற்றோடு ஏந்திக்கொண்டு, எப்போதும் சாப்பிடும் பின்வாசல் படிக்குப் போய்விட்டான். வாயில் சோறு இருந்ததால் கூப்பிடவில்லை என்று அகதாவிடம் சொன்னேன். பச்சைப் பொய்.

கை கழுவிவிட்டு வந்தவன், நான் சிந்தியிருந்த குழம்பைத் தன் தலைத்துண்டால் துடைத்தான்.

"பாத்தீங்களாய்யா, கறையே நிக்கல!"

அவன் பெருமையாகச் சிரித்தான். எனக்குத் தலை நிமிரவில்லை.