இரு நிற வீட்டின் நடுப்பலகை

நார்வேயில் பெர்கன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் தீவுக்குப் படகில் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த மரவீடுதான். ஒரே கூரை. அதன் கீழே பாதி வெள்ளை, பாதி மஞ்சள். படகில் வேலை செய்யும் நாங்கள் அதற்கு முட்டை வீடு என்று பெயர் வைத்திருந்தோம். வெள்ளைப் பாதியில் ஒட்னி இருந்தாள். படகின் சிற்றுண்டிக் கடையில் நானும் அவளும் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று காப்பி ஊற்றியிருக்கிறோம். அந்தப் பெயரை அவள் முன்னால் மட்டும் யாரும் சொல்ல மாட்டோம்.

அவள் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். மீன்பிடிக்கிற ஸ்வெர்ரேயைக் கட்டிக்கொண்டு கடலோரம் வந்தாள். அப்போது வீடு முழுக்க வெள்ளை. ஸ்வெர்ரேயின் அப்பா கட்டி, தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி என்று கொடுத்த வீடு. அப்பா இறந்த வருடம் ஸ்வெர்ரே குளிர்காலம் முழுக்க வடக்கே மீன்பிடிக்கப் போயிருந்தான். தம்பி ஈவர், கல்யாணம் ஆகாதவன், வசந்தத்தில் தன் பாதியை மஞ்சளாக்கிவிட்டான். பகல் சுருங்கும் இருட்டுக் காலத்தில் வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும் என்பதுதான் அவன் எண்ணம். ஸ்வெர்ரே திரும்பி வரும்போது படகின் மேல்தளத்தில் நின்று அதைப் பார்த்தான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நின்றுபோனது அண்ணன் தம்பி பேச்சு.

பேச்சு நின்றாலும் கடற்காற்று நிற்கவில்லை. மேற்குச் சுவர் நேராகக் கடலைப் பார்த்த சுவர். இரண்டு குளிர்காலம் போனால் பெயின்ட் கொப்புளம் விட்டு, தோல் உரிவதுபோல் உரிந்துவரும். ஸ்வெர்ரே ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவே கிடைத்த நாளில், மரம் ஈரமா காய்ந்ததா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல், பழசின் மேலேயே தடிமனாக இன்னொரு பூச்சு பூசுவான்.

"கெட்டியா அடிச்சா கெட்டியா நிக்கும்" என்பான்.

அது நிற்காது. "அவன் பக்கத்து அழுக்குதான் காத்துல வந்து ஒட்டுது" என்று தம்பியைக் குறை சொல்வான். மஞ்சள் பக்கத்தில் ஈவரும் எங்களிடம் இதையேதான் சொன்னான், திசையை மட்டும் மாற்றி.

ஒட்னிக்கு ஒரு பழக்கம். எதையாவது யோசித்தால் அது முடிகிறவரை பேச மாட்டாள். ஒருநாள் நல்ல மழை. படகில் கூட்டமே இல்லை. கண்ணாடி வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கூரி, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துலதான் உரியுது, கவனிச்சியா?" என்றாள்.

"எங்க?"

"நடுவுல. அங்கேருந்துதான் தொடங்கி ரெண்டு பக்கமும் பரவுது."

பிறகுதான் நானும் பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளும் சேரும் இடத்தில், கூரையிலிருந்து அடித்தளம்வரை செங்குத்தாக ஒரு பலகை. இரு பக்கத்துச் சுவர்ப்பலகைகளின் முனைகளும் அதன் அடியில் ஒளிந்திருந்தன. அண்ணன் அதுவரை வந்து தூரிகையை நிறுத்துவான். தம்பி அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை வந்து நிறுத்துவான். அந்தப் பலகையை யாருமே தொட்டதில்லை. சாம்பல் பூத்துக் கிடந்தது. அதற்கு நேர் மேலே கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் தகரக் கால்வாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதையும் யாரும் தொடவில்லை. மழைநீர் நூலாக இறங்கிப் பலகைக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மரம் முனை வழியாகத்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். குடித்த தண்ணீர் வெளியே வரும்போது பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேலே எத்தனை பூச்சு பூசி என்ன?

அந்த மே மாதம் ஸ்வெர்ரே கடலில் இருந்தபோது, ஒட்னி ஏணியைச் சாத்தி, கடப்பாரையைச் செருகி, நடுப்பலகையை நெம்பினாள். ஆணிகள் முனகக்கூட இல்லை. ஊறிப்போன ரொட்டிபோல் பலகை பிய்ந்துவந்தது.

ஈவர் வாசலுக்கு ஓடிவந்தான். "ஏய் ஒட்னி! என்ன பண்ற? அது என் பலகை!"

"பாதி உன்னோடது. வந்து உன் பாதியைப் பிடி, என் தலையில விழுந்திடும்."

பலகை உண்மையிலேயே சாய்ந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டான். பலகை கீழே வந்தபோது இரண்டு பேரும் பின்னால் இருந்ததைப் பார்த்தார்கள். வெள்ளைப் பலகைகளின் முனையும் கறுப்பு, மஞ்சள் பலகைகளின் முனையும் கறுப்பு.

"ஸ்வெர்ரே வந்தா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்" என்றான் ஈவர்.

"வரட்டும். அதுவரைக்கும் நீ போய் அந்தக் கால்வாயைக் கட்டு. நீதான் உயரம்."

அவன் கட்டினான். ஒட்னி சுவர் முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவி உப்பையும் பாசியையும் போக்கினாள். உரிந்து நின்றதை எல்லாம் உறுதியான மரம் தெரிகிறவரை சுரண்டினாள். அதன்பிறகு அவள் ஒன்றுமே செய்யவில்லை. சுவரை அப்படியே காயவிட்டாள். பாதி சுரண்டிய வீடு சொறி பிடித்த ஆடு மாதிரி நிற்க, படகில் எல்லோரும் கேட்டார்கள். "எப்பதான் அடிப்பே?" "மரம் சொல்லட்டும்" என்பாள். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

ஸ்வெர்ரே வந்து இறங்கியபோது நானும் துறையில் இருந்தேன். பையைத் தோளில் போட்டபடி சுவர் முன்னால் போய் நின்றான். ஈவர் ஏணிமேல் இருந்தான்.

"யார் கழட்டினது?"

"நான்" என்றாள் ஒட்னி.

"யாரைக் கேட்டு?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா?"

அவன் பையோடு உள்ளே போனான். அன்று அவள் வைத்த மீனை அவன் தொடவில்லை என்று ஒட்னி மறுநாள் சொன்னாள். ஆனால் விடிந்ததும் தன் மீன்கத்தியோடு வெளியே வந்தான். மஞ்சள் பக்கத்துப் பலகை முனையில் குத்தினான். கத்தி இறங்கியது. அவன் எதிர்பார்த்ததுதான். தன் பக்கத்தில் குத்தினான். பிடிவரை இறங்கியது. அப்பா அறுத்து வைத்த மரம் அது.

கத்தியை உருவாமல், நிமிராமலே கேட்டான். "அந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கு?"

அதற்குள் ஏணியில் ஏறியிருந்த ஈவர் கையால் அளந்து, "ஒரு முழம்" என்றான்.

"இங்கயும் அவ்வளவுதான்."

முட்டை வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு இப்படித்தான் திரும்பத் தொடங்கியது. கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீரும் இல்லை. புதுப் பலகை அறுத்தார்கள். முனைகளுக்கெல்லாம் ஒட்னி அடிப்பூச்சாக எண்ணெய் பிரைமரை ஊறஊறப் பூசினாள். வெயில் நேராக விழாத நேரம் பார்த்து, மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுத்தாள்.

கடைசியில் நடுப்பலகைக்கு என்ன நிறம் என்று கேள்வி வந்தது. சமாதானம் அங்கேயே உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

"வெள்ளை" என்றான் ஸ்வெர்ரே.

"ஏன், உன் அப்பா வீடா?" என்றான் ஈவர். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே உறைத்தது.

ஒட்னி தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "ஈவர், உன் ஜன்னல் சட்டமெல்லாம் என்ன நிறம்?" என்றாள்.

ஈவர் தன் ஜன்னல்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். "வெள்ளை."

"அப்ப இதுவும் ஒரு சட்டம்தானே?"

ஸ்வெர்ரே அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான். ஈவர் அதைத் தன் ஜன்னல் வரிசையில் சேர்த்துக்கொண்டான். பலகை வெள்ளையானது.

அந்தப் பூச்சு எங்கள் ஊர் ஆச்சரியப்படும்படி நின்றது. அந்த வருடம் ஊரில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதும் அது உரியவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒட்னி மேற்குச் சுவரைக் கழுவுவாள். நடுவில் நிற்காமல் மஞ்சள் பாதியையும் சேர்த்துக் கழுவுவாள். எங்காவது மயிரிழை விரிசல் கண்டால் அன்றே தொட்டு அடைப்பாள். சகோதரர்களை அவள்தான் சேர்த்து வைத்தாள் என்று பாதிரியார் ஒருமுறை மேடையில் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "நான் பலகையைத்தான் சரி பண்ணேன். அவங்க இன்னும் சண்டைதான் போடறாங்க" என்றாள் என்னிடம். அதுவும் உண்மைதான். கால்வாயை யார் துடைப்பது என்று வருடா வருடம் சண்டை. ஆனால் அது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் போடும் சண்டை.

ஸ்வெர்ரே ஒரு குளிர்காலத்தில் நுரையீரல் நோயில் போனான். ஈவர் சவப்பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தான்.

அந்த வசந்தத்தில் ஒட்னி சுவரைக் கழுவவில்லை. வேலைக்கு வந்தாள், காப்பி ஊற்றினாள், வீட்டுக்குப் போனாள். சுவரின் வடக்கு மூலையில் பாசி பச்சையாக ஏறியது. பார்த்தோம். சிலருக்குத் துக்கம் கையில் இறங்கி உட்கார்ந்துவிடும். அதைப் பிடித்து இழுக்க முடியாது.

ஜூன் மாதம் நான் அவளைப் பார்க்கப் போனேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஈவர் வாளியும் நீளக்காம்பு தூரிகையுமாக நின்று, வெள்ளைப் பாதியை மேலிருந்து கீழாகக் கழுவிக்கொண்டிருந்தான். அழுக்குத் தண்ணீர் காய்ந்த பலகையில் கோடு கோடாக வழிந்தது.

ஒட்னி ஜன்னலைத் திறந்தாள். "கீழேருந்து மேல போகணும், ஈவர். இப்படி ஊத்துனா கோடு விழும்."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது என்னைக் கழுவ விட்டிருக்கியா?"

அவள் ரப்பர் காலணியைத் தேடி மாட்டிக்கொண்டு, என்னிடம், "காப்பியை நீயே ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.