அத்தை சுற்றிப் போன வழி

எங்கள் வடகடல் கரையில் அர்னாட்சியா அத்தையைப் போல மீன் குத்த ஆளில்லை. உறைந்த ஏரியில் வெட்டிய துளைமேல் ஈட்டியோடு குப்புறப் படுத்தால் பாறைதான், அசையமாட்டாள். கோபத்திலும் அப்படியே. தான் தைத்த பனிமான் தோல் சட்டையில் தையல் கோணல் என்று சொன்ன என் அம்மாவோடு ஆறு வருடம் பேசவில்லை.

எங்கள் வழக்கப்படி, வசந்தத்தின் முதல் மீனை வீடு திரும்பும் வழியில் எதிர்ப்படும் முதல் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆறாவது வருடம், அம்மா எதிரே வந்துவிடக் கூடாதென்று அத்தை குன்றைச் சுற்றி நடந்தாள். அங்கே அம்மா நின்றாள், தன் முதல் மீனோடு.

"நீ எதுக்குடி இந்தப் பக்கம் வந்தே?"

"நீங்க வரமாட்டீங்கன்னுதான், அண்ணி."

மீன்கள் கைமாறின.

"என்னுதுதான் பெரிசு. எனக்குத்தான்டி நஷ்டம்," என்றாள் அத்தை.

அதன்பின் சாகும்வரை, ஒவ்வொரு வசந்தத்திலும் இருவரும் குன்றைச் சுற்றியே வீடு திரும்பினார்கள்.