வெங்காயத் தராசில் என் பிள்ளை

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அன்று வெங்காயக் கடை முன்னால் இருந்தவர்கள்: கடைக்காரர். என் மாமியார். கூடையோடு காத்திருந்த கீரைக்காரி. நான். துணிச் சுருளுக்குள் என் மகள்.

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். முன்னே பிறந்தது தங்கவில்லை. அதனால் பிரசவம் பார்த்த நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாராவாரம் எடை பார்க்க வேண்டும். ஏறினால் பயமில்லை. இறங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். ஆஸ்பத்திரி தூரம். உலகச் சண்டை நடந்த காலம், பஸ்ஸை நம்ப முடியாது. பக்கத்தில் இருந்த தராசு இதுதான்.

போன வாரமும் இங்கேதான் நிறுத்தோம். மாமியாருக்கு மனசே இல்லை. பிள்ளையை நிறுத்தால் பிள்ளை தேயும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

“ஆயா, நான் வெங்காயம்னே சொல்லிட்டுப் போறேன். எந்தக் கண்ணு படப்போவுது?” என்றார் கடைக்காரர். தன் துண்டால் தட்டைத் துடைத்தார். வியாபாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு நிறுத்தார். “வெங்காயம், ஒரு வீசை பதினைஞ்சு பலம்” என்றார். நாற்பது பலம் ஒரு வீசை; இன்றைய கணக்கில் அவள் இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

இந்த வாரமும் அதே துணி, அதே தட்டு. கல்லை மாற்றி மாற்றி வைத்தார். முள் நடுவில் நின்றது. அவர் கல்லை இன்னொரு தரம் எண்ணினார்.

“இன்னா நைனா, சொல்லு” என்றார் மாமியார்.

“ஒரு வீசை பத்து.”

ஐந்து பலம் இறங்கியிருந்தாள். நன்றாகத்தான் பால் குடித்தாள். எடைக்கல் பொய் சொல்லுமா?

“அப்பவே சொன்னேன், தராசுல வைக்காதேன்னு” என்றார் மாமியார்.

நான் பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

“இரும்மா” என்றார் கடைக்காரர். “போன வாரம் புள்ள மேல காப்பு, கொலுசு எதுனா இருந்துச்சா?”

“கொலுசுக்கு எங்க போறது” என்றேன்.

மாமியார் தன் பையை இடுக்கிக்கொண்டார். “பாக்குவெட்டி வச்சேன்” என்றார்.

“எங்க?”

“துணி மடிப்புல. மொத தபா வெளிய தூக்கினு வரோம். இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாது.”

“இன்னிக்கி?”

“வர வழியில பாக்கு போட எடுத்தேன். பையில கீது.”

கீரைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏன் ஆயா, பாக்குவெட்டிக்கும் சேத்தா உம் மருமவ பால் குடுத்தா?” என்றார் கடைக்காரர்.

பாக்குவெட்டியை வாங்கித் தட்டில் வைத்தார். பத்து பலம் இருந்தது. விரல் விட்டு எனக்குக் கணக்குச் சொன்னார். போன வாரம் இரும்பு போக, பிள்ளை ஒரு வீசை ஐந்து பலம். இந்த வாரம் பிள்ளை மட்டும் ஒரு வீசை பத்து.

அங்கேயே உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி வியாபாரத்தைப் பார்த்தார்.

அவள் இன்றைக்குப் பேரன் எடுத்தவள். இரும்பு வைத்த மாமியாரும் அவள் இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார். கடைக்காரர் இருக்கச் சொல்லாவிட்டால் நான் அழுதுகொண்டே ஓடியிருப்பேன். இருவருக்கும் கும்பிடு.

அந்த வாரம் என் பிள்ளை ஏறியது ஐந்து பலம்.